வாயு என்னும் தீர்ப்பு

நெஞ்சில் யாரோ பாரத்தைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கிறது என்று ஐம்பதை எட்டிய ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முனகினால், பிரிக்பீல்ட்ஸின் அடுக்குமாடி வீடானாலும் சரி, கிள்ளான் பண்டமாரானின் வரிசை வீடானாலும் சரி, அவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டார் தீர்ப்பை வழங்கிவிடுகிறார்கள்: வேறொன்றுமில்லை, வாயுதான். தீர்ப்பு பிறந்த மறுகணமே சிகிச்சையும் தொடங்கிவிடுகிறது. ஓமம் கொதிக்கிறது, கோடாலித் தைலம் அலமாரியிலிருந்து இறங்குகிறது, ஈனோ தண்ணீரில் நுரைக்கிறது. மத்தியானம் சாப்பிட்ட பருப்பு, நேரங்கெட்ட நேரத்தில் மாமாக் கடையில் தின்ற ரொட்டி சானாய், வெறும் வயிற்றில் குடித்த தேத்தாரே என்று குற்றவாளிகளின் பட்டியலும் தயாராகிவிடுகிறது. இரண்டு ஏப்பம் வந்துவிட்டால் வழக்கு தள்ளுபடி. எதுவானாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் படுக்கப் போகிறார்கள். இந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதுவதே என் நோக்கம்.

நெஞ்சிறுக்கம் வயிற்றுக் கோளாறால் வருவதே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. வருகிறது, அடிக்கடியும் வருகிறது. என் ஆட்சேபம் வேறு. வாயு என்பது, இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, ஹிருதயத்தில் குற்றமில்லை என்று உறுதியான பிறகு, ஒரு மருத்துவர் கடைசியாக வந்து சேரவேண்டிய முடிவு. அந்தக் கடைசி முடிவை நாம் முதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டு, பரிசோதனைக்கே போகாமலிருப்பதற்கு அதையே காரணமாக்கிக்கொண்டிருக்கிறோம். படிப்பில்லாதவர்கள்தாம் இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கணக்காய்வாளரும், பள்ளித் தலைமையாசிரியரும், காப்புறுதி முகவரும் இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அவர்கள் வாயு என்பதற்குப் பதிலாகக் கேஸ்ட்ரிக் என்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், நம் முன்னோரைக் குறைகூற மனம் வரவில்லை. கிள்ளானையும் காப்பாரையும் கோலசிலாங்கூரையும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வராதவனுக்கு அன்றைய கூலி கிடையாது. நோயென்று படுப்பதானால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருந்ததோ ஒரு கலவை மருந்தும் சில மாத்திரைகளும்தாம். பட்டம் பெற்ற வைத்தியர் நாள் குறித்து வந்து போகிறவர். பெரிய ஆஸ்பத்திரி பல மைல் தூரத்தில் இருந்தது. அத்தகைய வாழ்க்கையில், உடம்பில் தோன்றும் ஒவ்வோர் உபாதைக்கும் அஞ்சறைப் பெட்டியிலேயே பதில் தேடிக்கொண்ட பெண்கள், ஓமத்தையும் சுக்கையும் பெருங்காயத்தையும் நம்பியதில் என்ன தவறு? அவை பல வயிற்று வலிகளைத் தீர்த்தும் இருக்கின்றன. அந்த அறிவை நான் இகழமாட்டேன்.

இன்னுமொரு நியாயமும் அவர்கள் பக்கம் உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாரடைப்பு என்ற வியாதிக்கு அந்தக் காலத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே கூடக் குறிப்பிடத்தக்க சிகிச்சை இருக்கவில்லை. ஹிருதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் மனிதன் பிழைத்திருக்கக்கூடும் என்று அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதினார். ஆனால் அவராலும், அவருக்குப் பின் வந்த இரண்டு தலைமுறை வைத்தியர்களாலும், நோயாளியைப் படுக்கையில் வாரக்கணக்கில் அசையாமல் கிடத்துவதையும் வலிக்கு மருந்து கொடுப்பதையும் தவிர அதிகமாக எதுவும் செய்ய இயலவில்லை. நின்றுபோன ஹிருதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முறை 1960-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மாற்றுக் குழாய் பொருத்தும் பைபாஸ் அறுவையை ரெனே பவலோரோ செய்துகாட்டியது 1967-இல். பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையை ஆந்திரியாஸ் குருன்சிக் சூரிச் நகரில் தொடங்கியது 1977-இல். ஆக, 1950-இல் காப்பார்த் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட ஒரு தாத்தாவை அவர் மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தாளென்றால், பெரிய ஆஸ்பத்திரி செய்திருக்கக்கூடியதைவிட அவள் பெரிதாக ஒன்றும் குறைத்துச் செய்துவிடவில்லை. காத்திருந்ததால் அவர் இழந்தது கொஞ்சம். அதே காத்திருப்பால் இன்று அவருடைய பேரன் இழப்பது ஏறக்குறைய எல்லாவற்றையும். வழக்கம் மாறவில்லை, அதன் விலைதான் மாறிவிட்டது. பாட்டி செய்தாள், நாமும் செய்கிறோம் என்பவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

இனி அவர்களுடைய வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம் ஏப்பம். ஏப்பம் விட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஆகவே அது வாயு என்பது நிரூபணம் ஆகிவிட்டது என்கிறார்கள். பார்ப்பதற்குத் தர்க்கம் போலத் தோன்றினாலும் இது தர்க்கமே அன்று. ஹிருதயத்திலிருந்து வலியைச் சுமந்து வரும் நரம்புகளும், உணவுக்குழாயிலிருந்து வரும் நரம்புகளும், முதுகுத்தண்டின் மேற்பகுதியில் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் வந்து நுழைகின்றன. செய்தி வந்து சேர்ந்தபின், அது எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் ஹிருதயத்தின் வலி இடது கையிலும், தாடையிலும், முதுகிலும், மேல்வயிற்றிலும் தோன்றுகிறது. மேலும் ஹிருதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. உதரவிதானத்துக்குக் கீழே இருப்பது இரைப்பை. அந்த அடிச்சுவருக்கு ரத்தம் நின்றுபோனால் குமட்டலும் வாந்தியும் மேல்வயிற்று உப்புசமும் ஏப்பமும் வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். ஆக, ஏப்பம் வந்தது என்பது வாயுவுக்குச் சாட்சியும் அன்று, ஹிருதயத்துக்கு விடுதலையும் அன்று.

சரி, ஏப்பத்தோடு வலியும் தணிந்ததே, அதற்கென்ன பதில் என்று கேட்பார்கள். ஓமத் தண்ணீர் கொதித்து, ஆறி, கைக்கு வந்து சேர்வதற்குப் பத்து நிமிடமாவது ஆகிறது. அந்தப் பத்து நிமிடமும் நோயாளி என்ன செய்தார்? நாற்காலியில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். ஹிருதயத்தின் ரத்தக்குழாய் குறுகியிருப்பதால் வரும் நெஞ்சிறுக்கம், உழைப்பில் வந்து ஓய்வில் அடங்கும் இயல்புடையது. உட்கார்ந்தாலே சில நிமிடங்களில் அது விட்டுவிடும். உட்கார்ந்தது செய்த உபகாரத்துக்கு ஓமம் பெயர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த வாரம் மறுபடி வருகிறது, மறுபடி ஓமம், மறுபடி வெற்றி. இப்படிப் பலமுறை வெற்றி பெற்ற வைத்தியத்தின்மேல் குடும்பத்துக்கு நம்பிக்கை முற்றி, ஓய்விலும் அடங்காத வலி ஒருநாள் வரும்போதும் அதே சிகிச்சைதான் நடக்கிறது.

இந்த இயல்பை லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் 1768-இலேயே வைத்தியர் சபையில் விவரித்துவிட்டார். இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் பிறவாத காலம் அது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட சற்று நேரத்துக்குள், மார்பில் ஒரு நெரிப்பு வந்து, நின்றுவிட்டால் மறைந்துபோகிறது என்று அவர் குறித்துவைத்தார். சாப்பிட்டபின் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சாப்பிட்டபின் வருவதால் வயிற்றுக் கோளாறு என்று நாம் எதை நினைக்கிறோமோ, அதையே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் ஒருவர் ஆபத்தான ஒரு வியாதியின் லட்சணமாக எழுதிவைத்திருக்கிறார்.

ஹெபர்டன் சொன்ன மேட்டை நாம் தேடிப் போகவேண்டியதில்லை. பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன. தைப்பூசத்திலும், சாதாரண வெள்ளிக்கிழமைகளிலும் அந்தப் படிகளில் ஏறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பாதிவழியில் ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். மூச்சு வாங்குவது எல்லாருக்கும் உண்டு. அவருக்கு மூச்சு மட்டுமல்ல, மார்பின் நடுவில் கயிறு போட்டு இறுக்கினாற்போல் ஒரு பிடிப்பு, தாடைவரை ஏறும் ஒரு கனம். சட்டை நனைந்திருக்கிறது, வெயிலில் எல்லார் சட்டையும் நனைந்திருப்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஐந்து நிமிடம் நின்றபின் பிடிப்பு விலகுகிறது. விரதமிருந்த வெறும் வயிறு, அதனால் வாயு என்று கூடவந்த மைத்துனர் விளக்கம் சொல்கிறார். இருவரும் சமாதானமாகி மேலே ஏறுகிறார்கள். அந்தப் படிகள் அன்று அவருக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை செய்து, பதிலையும் சொல்லிவிட்டன. மருத்துவமனைகளில் நோயாளியை ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு இ.சி.ஜி. எடுக்கும் சோதனையின் அடிப்படைத் தத்துவமும் இதுதான்: உழைக்கும்போது ஹிருதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்பது. ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்ற இந்த ஒழுங்கு யாரிடம் இருந்தாலும், அவர் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அது புதிதாய் வந்ததானாலோ, முன்னைவிடக் குறைந்த உழைப்பிலேயே வரத் தொடங்கினாலோ, ஓய்விலும் வந்தாலோ, அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது வாதம், மாரடைப்பென்றால் இப்படியா இருக்கும் என்பது. இதற்கு நம் திரைப்படங்கள் பெரிதும் பொறுப்பு. மகளின் காதல் தெரிந்ததும் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு அலறிச் சாயும் அப்பாவையே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்து வந்திருக்கிறோம். உண்மையில் பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. அழுத்துகிறது, கனக்கிறது, இறுக்குகிறது, அடைக்கிறது என்கிறார்கள்; வலியா என்று மருத்துவர் கேட்டால், வலி இல்லை டாக்டர், ஒரு மாதிரி இருக்கிறது என்று மறுக்கவும் செய்கிறார்கள். கை ஓரிடத்தைச் சுட்டுவதில்லை. விரித்த உள்ளங்கையோ மூடிய முட்டியோ மார்பின் நடுவில் போய் அமர்கிறது. பெண்களுக்கு நெஞ்சிறுக்கத்தோடு மூச்சுத் திணறல், காரணமற்ற களைப்பு, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி ஆகியவையும் வரலாம். சிலருக்கு நெஞ்சில் எதுவும் தோன்றாமலே இவை மட்டும் வருவதுண்டு. வீட்டு வேலை அதிகம், மாதவிலக்கு நிற்கும் வயது, மனக்கவலை என்று அவர்களுக்குத் தயாராக இருக்கும் சமாதானங்களும் ஆண்களுக்கு இருப்பதைவிட அதிகம். தன் கணவனுக்கு நெஞ்சிறுக்கம் என்றால் பதறியடித்துக் காரை எடுக்கச் சொல்லும் பெண்மணி, அதே இறுக்கம் தனக்கு வந்தால் சமையலை முடித்துவிட்டுப் படுக்கிறாள். இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

நீரிழிவுக்காரர்களின் நிலை இன்னும் மோசமானது. பல ஆண்டுச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து ஹிருதயத்தின் கூக்குரலை மங்கச் செய்துவிடுகிறது. மாரடைப்பே வந்தாலும் லேசான நெஞ்சடைப்பும் வியர்வையும் மட்டுமே தெரியலாம், சமயங்களில் அதுவும் தெரியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்கள், மாரடைப்புகளில் கால்பங்குக்கு மேற்பட்டவை வந்தபோது அடையாளம் காணப்படாமலே போய், பிறகு எடுத்த இ.சி.ஜி.யில்தான் தெரியவந்தன என்று கண்டார்கள். லேசாகத்தானே இருக்கிறது என்ற ஆறுதலை நம் சமூகத்தைப்போல் நம்பக்கூடாத சமூகம் வேறொன்று இந்நாட்டில் இல்லை.

மூன்றாவது, வயதைச் சொல்லித் தப்பிக்கும் வாதம். எனக்கு நாற்பத்தைந்துதானே ஆகிறது என்கிறார்கள். ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைத் தெற்காசியர்களுக்கென்று தனியே பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பின் நடுவயது மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டியும் தெற்காசியர்களுக்கு 53 என்றும் தெரிந்தது. நடுவயது 53 என்றால் பாதிப்பேருக்கு அதற்கும் முன்னதாகவே வந்தது என்று பொருள். நம் நாட்டின் தேசிய ஹிருதய நோய்ப் பதிவேட்டிலும், மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்கள், அந்த அளவைவிட மிக அதிகமான பங்கை வகிக்கிறார்கள். மலாய்த் திரையுலகின் தனிப்பெரும் கலைஞர் பி. ராம்லி 1973 மே 29 அன்று கோலாலம்பூரில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 44.

போன வருஷம் இ.சி.ஜி. எடுத்தேன், நார்மல் என்று சொன்னார்கள் என்பது நான்காவது. இ.சி.ஜி. எடுத்த அந்தச் சில நொடிகளில் ஹிருதயம் எப்படி இருந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லும். ரத்தக்குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் கட்டியாக உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் நிகழ்கின்றன. அதற்குமுன் அந்தத் திட்டு குழாயைப் பாதியளவுகூட அடைக்காமல் இருந்திருக்கலாம். வருஷத்துக்கு முந்தைய தாளை விட்டுத்தள்ளுங்கள். வலி இருக்கும்போதே எடுத்த முதல் இ.சி.ஜி.கூடச் சாதாரணமாக அமைவதுண்டு. ஆகையால்தான் மருத்துவமனையில் சற்று நேரம் கழித்து அதை மறுபடி எடுக்கிறார்கள். ட்ரோப்போனின் என்ற பொருள் ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று இடைவெளிவிட்டு இரண்டுமுறை பார்க்கிறார்கள். கருவியும் ரசாயனமும் கையிலுள்ள நிபுணரே மூன்று நான்கு மணிநேரம் தயங்கிச் சொல்லும் ஒரு முடிவை, நாம் சமையலறை வாசலில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம்.

நம் பாரம்பரிய வைத்தியமே வாயு என்று சொல்கிறதே என்று சிலர் சித்தர்களைத் துணைக்கு அழைக்கிறார்கள். சித்த வைத்தியம் சொல்லும் தச வாயுக்கள், பிராணன் முதல் தனஞ்சயன் வரை, உடலின் எல்லா இயக்கங்களுக்கும் ஆதாரமாக வைக்கப்பட்டவை. பருப்பு தின்றதால் வயிற்றில் சேரும் காற்றுக்கும் அந்தத் தத்துவத்துக்கும் சம்பந்தமில்லை. தேர்ந்த சித்த வைத்தியர் நாடி பார்க்காமல், எண்வகைத் தேர்வு செய்யாமல் வாய் திறக்கமாட்டார். ஒரு பரிசோதனையும் இன்றி வாயு என்று சொல்கிறவர் அலோபதியை மட்டுமல்ல, சித்தத்தையும் சேர்த்தே புறக்கணிக்கிறார்.

இவற்றையெல்லாம்விட வலுவான வாதம் ஒன்று எதிர்த்தரப்பில் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். நெஞ்சு வலியென்று வருகிறவர்களில் பெரும்பான்மையோருக்கு ஹிருதயக் கோளாறு இல்லை என்பதே அது. உண்மை. அமிலம் மேலேறி உணவுக்குழாயை எரிப்பது, விலா எலும்பு சேருமிடத்தில் வீக்கம், தசைப் பிடிப்பு, ஆஸ்துமா, மனப்பதற்றம் என்று காரணங்கள் பல. அவர்கள் எல்லாரும் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினால், ஏற்கெனவே நிரம்பி வழியும் இடம் என்ன ஆகும்? போனபின் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் எவ்வளவு வெட்கம்?

வெட்கத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்வது ஒரு நல்ல செய்தி; அதைக் கேட்கப் போனவர் முட்டாளாகிவிடவில்லை. கூட்டத்துக்குப் பதில், எல்லா நெஞ்சிறுக்கமும் அவசரப் பிரிவுக்குரியதல்ல என்பதே. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், அழுத்தினால் அதிகமாகி, ஊசி குத்துவதுபோல் ஓரிரு நொடி வந்து மறையும் வலி பெரும்பாலும் ஹிருதயத்தினுடையது அன்று. மறுநாள் கிளினிக்கில் காட்டினால் போதும். குனிந்தாலும் மல்லாந்து படுத்தாலும் புளிப்போடு தொண்டைவரை எரிந்து ஏறுவது, பல மாதமாக ஒரே மாதிரியாக வருவது, அமிலக் கோளாறாக இருக்கலாம். அதையும் ஒருமுறை மருத்துவர் பார்த்து உறுதிசெய்திருக்க வேண்டும். ஆனால் மார்பின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ வந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால், அது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், காத்திருக்கக் கூடாது. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் இவற்றில் ஏதேனும் கூட வந்தால் நிமிடக் கணக்கே பார்க்கக் கூடாது. முதுகுவரை கிழித்துக்கொண்டு போவதுபோன்ற திடீர் வலியும், நீண்ட பயணத்துக்குப் பிறகோ கால் வீங்கியிருக்கும்போதோ வரும் திடீர் மூச்சடைப்பும் ஹிருதயத்தை அன்றி மகாதமனியையும் நுரையீரலையும் பற்றியவையாக இருக்கலாம். அவையும் அதே அளவு அவசரமானவை.

புகைமூட்டக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாட்களில் வரும் நெஞ்சிறுக்கத்தையெல்லாம் புகையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. புகையின் நுண்துகள்கள் ஆஸ்துமாவைத் தூண்டுவதோடு மாரடைப்பையும் தூண்டக்கூடியவை. ஆகவே புகைமூட்டம் அலட்சியத்துக்குக் காரணமாகாது. கூடுதல் எச்சரிக்கைக்கே காரணமாகும்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு, இரவு முழுவதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரத்தம் நின்ற அரைமணி நேர அளவிலேயே ஹிருதயத் தசை மடியத் தொடங்குகிறது. உட்சுவரில் தொடங்கும் அந்தச் சாவு, மணிக்கு மணி வெளிச்சுவரை நோக்கிப் பரவுகிறது. ஆறு மணிநேரத்துக்குப் பின் காப்பாற்றுவதற்கு மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். மடிந்த ஹிருதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. பிழைத்தெழுந்தாலும், மாடிப்படி ஏறவே திணறும் பலவீனமான ஹிருதயத்தோடுதான் மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு வந்த இறுக்கத்தைக் காலை ஏழுக்குப் பார்த்துக்கொள்வதென்றால் எட்டு மணிநேரம். வீட்டுச் சுவருக்குள் மின்கம்பி கருகும் நாற்றம் வரும்போது ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் படுப்பதற்கு ஒப்பான காரியம் இது.

நேரத்தோடு போனால் கிடைப்பது என்ன? 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில், ஒரு மாதம் சாதாரண ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே ஹிருதய ரத்தக்குழாய் மரணங்கள் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தன. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களிடையே ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தன. ஊசியின் பலன் முதல் மணிநேரங்களில் அதிகம்; நேரம் போகப்போகத் தேய்ந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே ஆஸ்பிரினை விழுங்க வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், குடற்புண்ணோ ரத்தக்கசிவோ உள்ளவர்களுக்கும், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எப்போதும் உலவும் டெங்கிக் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் அது தீங்காகும்; மருத்துவரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ சொன்னால் மென்று சாப்பிடலாம்.

1989 ஜனவரியில் அன்றைய பிரதமர் மகாதீர் முகமதுக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கு 63 வயது. வெளிநாட்டுக்குப் பறக்காமல், கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டார். 2007-இல் தேசிய ஹிருதய நிலையத்தில் இரண்டாவது பைபாஸ் நடந்தது. 2025 ஜூலையில் அவர் நூறு வயதை நிறைவு செய்தார். பிரதமருக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்குமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்த நிலையம் 1992 முதல் ஜாலான் துன் ரசாக்கில் பொதுமக்களுக்காக நடந்து வருகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி அரசாங்க மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. பிரதமருக்கும் நமக்கும் உள்ள முதல் வேற்றுமை மருத்துவத்தில் இல்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் வாயு என்று சொல்லிப் படுக்கவைக்கவில்லை என்பதில் இருக்கிறது. 2020-இல் இந்நாட்டில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காட்டுக்கு ஹிருதய ரத்தக்குழாய் நோயே காரணம். எந்த நோயும் அதைவிட அதிகமானவர்களைக் கொண்டுபோகவில்லை.

போவதென்று முடிவு செய்தவர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். நோயாளி தானே காரை ஓட்டிக்கொண்டு பெடரல் ஹைவேயில் இறங்கக் கூடாது. மாரடைப்பின் முதல் மணிநேரத்தில்தான் ஹிருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் அபாயம் மிகுதி; ஓட்டுகிற கையோடு அது நேர்ந்தால் அவரோடு சாலையில் வருகிறவர்களுக்கும் ஆபத்து. 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிரில் கதவின் பூட்டையும் வெளிக் கேட்டின் பூட்டையும் திறந்துவைத்து, முகப்பு விளக்கைப் போட்டுவிடுங்கள். திருடருக்குப் பயந்து நாம் போடும் மூன்று பூட்டுகளின் சாவியை நள்ளிரவில் தேடுவதில் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போகின்றன. வழியிலுள்ள சிறிய கிளினிக்கில் முதலில் காட்டலாம் என்று திரும்ப வேண்டாம். அங்கேயும் கடிதம் எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். உட்கொள்ளும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை முகப்பில் சொல்லும் முதல் வார்த்தை மிக முக்கியமானது. அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். பச்சைப் பகுதி காய்ச்சலும் சிராய்ப்புமாக வருகிறவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கும் இடம். வீட்டிலிருந்து சுமந்து வந்த தீர்ப்பை அங்கேயும் இறக்கிவைத்து, கேஸ்ட்ரிக் போலிருக்கிறது என்று நாமே சொன்னால், பச்சை வரிசையில் உட்காரவைக்கப்படுவதற்கு நாமே வழி செய்துகொள்கிறோம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், உணர்வதைச் சொல்லுங்கள். மார்பு இறுக்குகிறது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, வியர்த்ததா, சர்க்கரை உண்டா, புகைப் பழக்கம் உண்டா, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஹிருதய நோய் இருந்ததா, இவ்வளவு போதும். மொழி தடுமாறினால் 'சாக்கிட் டாடா' என்ற இரண்டு மலாய்ச் சொற்கள் போதும். அவற்றைக் கேட்டதும் தாதியர் இ.சி.ஜி. இயந்திரத்தைத் தேடுவார்கள்.

வீட்டுத் தலைவர் மறுப்பார். ஒன்றுமில்லை, சும்மா இருங்கள் என்று அதட்டுவார்; நாளைக்கு வேலை இருக்கிறது, எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு எடுக்க முடியாது என்பார். அவரோடு தர்க்கம் செய்துகொண்டிராதீர்கள். மகனோ மகளோ மனைவியோ, யார் பக்கத்தில் இருக்கிறீர்களோ அவர் தொலைபேசியை எடுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவும் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கின்றன. குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி.